அத்தாவின் டையும் வெட்டுத்துணியும்

இங்கிலாந்தில், லீட்ஸில் நான் வேலை பார்க்கும் ஆல்ட்ரேஷன் கடையில் வெட்டுத்துணியை யாரும் கேட்பதில்லை. நம் திண்டுக்கல்லில் மிச்சத்தைச் சுருட்டிப் பையில் போட்டுத் தராத டெய்லரின் பெயர் தெருவெல்லாம் நாறிவிடும். இங்கே அதிகம் வருவது பழைய டைகள்தாம். உள்ளங்கை அகலத்தில் இருப்பதை இந்தக் காலத்துக்கு ஏற்ப ஒல்லியாக்கித் தரச் சொல்வார்கள். போன மாதம் ஒரு வெள்ளைக்காரர், காலமான தன் அப்பாவின் டைகளை ஒரு பை நிறையக் கொண்டுவந்தார். வேலை முடிந்ததும், கைப்பழக்கத்தில் வெட்டுத்துணியைச் சுருட்டி அவரிடம் நீட்டினேன். குப்பையில் போடச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, வாசலோரக் கூடையில் போட்டுவிட்டு நன்றி சொல்லிப் போனார். பை நிறைய அப்பா இருந்தால் அப்படித்தான் போடத் தோன்றும். எனக்கு வயிறு எரிந்தது.

என் அப்பாவுக்கு, எங்கள் அத்தாவுக்கு, இருந்தது ஒரே ஒரு டை, மெரூன் நிறம். திண்டுக்கல் பேகம்பூரில் தோல் வியாபாரம். வெளிநாட்டுக்காரர்கள் சரக்குப் பார்க்க வரும் நாளில் மட்டும் அதைக் கட்டுவார். கைலியோடு கண்ணாடி முன் நின்று டை முடிச்சைச் சரிபார்த்த பிறகுதான் பேன்ட் தேடுவார். அவர் மௌத்தானபோது அடக்கம் முடிந்த பிறகே என்னால் போய்ச் சேர முடிந்தது. அதற்குள் டை தம்பி ஜாபரின் பீரோவுக்குப் போயிருந்தது. கேட்க எனக்கு வாய் வரவில்லை.

பிறகு ஜாபர் மகனின் கல்யாணம் வந்தது. எனக்கு லீவு கிடைக்கவில்லை. வீடியோ காலில் மாப்பிள்ளையைக் காட்டினார்கள். கோட்டுக்குள் அத்தாவின் டை, ஒல்லியாக. பொறாமை என்றால் பொறாமைதான், மறைக்க என்ன இருக்கிறது? ஊர்பேர் தெரியாதவர்களின் டையையெல்லாம் நான் வெட்டித் தைக்க, என் அத்தா டையில் வேறு எவனோ கத்திரி வைத்திருக்கிறான். தையலில் குறை தேடினேன். ஒன்றும் அகப்படாதது இன்னும் எரிச்சல்.

"ஏன்டா, நான் செஞ்சு தர மாட்டேனா?" என்றேன்.

"நீதான் வாரேன்னு சொன்னியேண்ணே. வந்தா ஒன் கையால தைப்பியேன்னு கடைசி வரைக்கும் வச்சிருந்தேன்" என்றான்.

சிக்னல் சரியில்லை என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

நேற்று, இங்கே படிக்க வந்த ஊர்ப் பெண் ஒருத்தி ஜாபர் கொடுத்தனுப்பியதைத் தந்தாள். பிரித்தால் வெட்டுத்துணி, இரண்டு மெரூன் கீற்றுகள். கூடவே போனில் அவன் வாய்ஸ் மெசேஜும் வந்திருந்தது. "டெய்லர் குடுத்தாருண்ணே. தூரப் போட மனசு வரல." குப்பைக்குப் பதிலாகத்தான் எனக்கு அனுப்பினானா என்று சுருக்கென்று கோபம் வந்தது. பிறகு கீற்றைப் புரட்டிப் பார்த்தேன். டையை ஒல்லியாக்கும்போது வெட்டுவது பின்பக்கம் மடிந்திருக்கும் துணியைத்தான். ஊர் பார்த்த முன்பக்கம் தம்பி மகனுக்குப் போய்விட்டது. அத்தாவின் நெஞ்சோடு ஒட்டிக் கிடந்தது எனக்கு வந்திருக்கிறது. வெயில் படாததால் நிறம் கொஞ்சமும் மங்கவில்லை.

அப்படியும் எனக்கு ஆறவில்லை. கீற்றுகளை மேசையில் நீட்டி வைத்தேன், இடதில் ஒன்று, வலதில் ஒன்று. நடுவில், திண்டுக்கல்லில் இருக்கும் டைக்கு இடம் விட்டு.