வரிசையில் ஐந்தாவது ஆள்

திருகோணமலையில், கோட் என்று சனம் சொல்லும் நீதிமன்றத்தின் மதிலோரம் ஓட்டோ நிறுத்தியிருக்கும் யோகலிங்கத்துக்குக் கடவுள் கொடுத்தது ஒரு பொது முகம். நாற்பத்தேழு வயது, நடுத்தர உயரம், மாநிறம், ஒட்ட வெட்டிய மீசை. ஒரு தழும்பு கிடையாது, ஒரு மச்சம் கிடையாது. கடையில் காண்கிறவர்கள் "நீங்கள் சம்பூர் மாணிக்கண்ணையின்ர மருமகனெல்லோ?" என்று கேட்பார்கள். அடுத்த கடையில் வேறொரு மாமனாரின் பெயரைச் சொல்வார்கள். அந்த முகத்தால் அவனுக்கு வாய்த்த ஒரே உத்தியோகம் அடையாள அணிவகுப்பில் நிற்பதுதான்.

பிடிபட்ட ஒருவனைத் தனியே நிறுத்தி "இவன்தானே?" என்று சாட்சியைக் கேட்டால், எவரும் "ஓம்" என்றுதான் தலையாட்டுவார்கள். ஆகவே அவனைப் போலவே வயதும் தோற்றமும் உள்ள எட்டுப் பேரை வெளியிலிருந்து கூட்டி வந்து, அவனையும் அவர்களுக்குள் நிற்க வைத்து, நீதவானுக்கு முன்னால் சாட்சியை உள்ளே விடுவார்கள். சாட்சி ஆளின் தோளைத் தொட்டுக் காட்ட வேண்டும். அந்த எட்டு அப்பாவிகளை எங்கே தேடுவது? கோட்டில் கடமையிலிருக்கும் பொலிஸ் சார்ஜன் ஸைனுலாப்தீன் நேராக ஓட்டோக்காரரிடம்தான் வருவார்.

"யோகண்ணே, ஒரு ஆள் குறையுது. வாங்களேன்."

மாட்டேன் என்று சொல்லலாம். ஆனால் அந்த மதில் நிழலில் ஓட்டோ நிற்பது சார்ஜனின் தயவில். ஆகவே யோகலிங்கம் போவான். இதுவரை பதினொரு தரம் நின்றாயிற்று.  சாட்சியின் கை என்றாவது ஒரு நாள் தன் தோளில் விழும் என்று அவன் உறுதியாக நம்பியிருந்தான்.

"வெளியாளத் தொட்டா வெளியாளுக்கு ஒண்டும் வராது. சட்டம் அப்பிடித்தான்" என்று சார்ஜன் பலமுறை சொல்லிவிட்டார்.

"சட்டம் அப்பிடித்தான் சொல்லும். சனம் என்ன சொல்லும்?" என்று யோகலிங்கம் கேட்பான்.

சனம் என்ன சொல்லும் என்று அவனுக்குத் தெரியாதா? சனம் சொல்லக்கூடிய எல்லாவற்றையும் அவனே முதலில் சொல்லிவிடுவானே! உலகத்தில் அவன் சந்தேகப்படாத பொருள் ஒன்று இருந்தால் காட்டுங்கள் பார்ப்போம். தேநீர்க் கடைக்காரன் பாலில் தண்ணீர் விடுகிறான். லோயர்மார் இரண்டு பக்கமும் பேசி வைத்துக்கொண்டு வருகிறார்கள். ஊருக்குள் திரிந்துவிட்டுக் கோட் வளவுக்குள் வந்து படுத்திருக்கும் மான்கள்கூடத் தன் ஓட்டோச் சீற்றைத்தான் தின்னப் பார்க்கின்றன. ஏறுகிறவர்கள் எல்லாரும் போதைத்தூள் பொட்டலத்தைச் சீற்றுக்கடியில் செருகிவிட்டுப் போகப்போகிறவர்கள். அதனால் ஓட்டோவின் உட்கண்ணாடியை அவன் பாதைக்கு வைக்கவில்லை, பின்சீற்றுக்குத் திருப்பி வைத்திருந்தான். யார் ஏறினாலும் இறங்கும்வரை அந்தக் கண்ணாடியில் அவனுடைய இரண்டு கண்கள் அவர்களைப் பார்த்தபடியே வரும்.

வீட்டிலும் இதே பார்வைதான். மனைவி புஸ்பராணி போனை வைத்துவிட்டுக் குசினிக்குள் போனால், யோகலிங்கம் போனை எடுத்துக் கடைசியாக வந்த இலக்கத்தைப் பார்ப்பான். "ஆரோட இவ்வளவு நேரம் கதை?" என்று சும்மா கேட்பதுபோல் கேட்பான். அவள் "தங்கச்சியோட" என்பாள். உண்மையும் அதுதான். பங்குனி மாதம் அவள் ஒரு கிழமையில் மூன்று தரம் கோயிலுக்குப் போனபோது அவனுக்கு மூன்று இரவு நித்திரை இல்லை.

வைகாசியில் ஒரு புதன்கிழமை காலை. திரியாய் பஸ்ஸிலிருந்து இறங்கிய ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா யோகலிங்கத்தின் ஓட்டோவில் ஏறினாள். வெள்ளைச் சேலை, ரீச்சர்மார் உடுத்துகிற மாதிரி. கைப்பையை இரண்டு கையாலும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தாள்.

"கடற்கரை ரோட்டுச் சந்தியில இறக்கிவிடுங்கோ அண்ணை."

யோகலிங்கத்துக்கு மூக்கில் வியர்த்தது. ஏன் பையை இப்படிக் கட்டிப்பிடிக்கிறாள்? ஏன் மோட்டார்சைக்கிள் சத்தம் கேட்கும்போதெல்லாம் திடுக்கிட்டுத் திரும்புகிறாள்? சந்தியில் வீடும் இல்லை, கடையும் இல்லை. அங்கே யாரிடம் எதைக் கொடுக்கப் போகிறாள்? கண்ணாடியில் அவளையே பார்த்தபடி ஓடினான். அவள் நிமிர்ந்தாள். கண்ணும் கண்ணும் முட்டின. அவள் குனிந்தாள். மறுபடி நிமிர்ந்தபோதும் அந்தக் கண்கள் அங்கேயே இருந்தன.

"அண்ணை, ரோட்டைப் பாத்து ஓடுங்கோ. ஏன் என்னையே பாத்துக்கொண்டு வாறீங்கள்?"

"பின்னால பஸ் வருது அக்கா, அதைத்தான் பாக்கிறன்."

பின்னால் ஒரு பஸ்ஸும் இல்லை. அவள் முகம் வெளிறிப்போயிருந்தது. சந்தியில் இறங்கி, குடையை விரித்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் விறுவிறென்று நடந்தாள். கள்ளவேலை ஏதோ இருக்கிறது என்று முடிவு கட்டிக்கொண்டு யோகலிங்கம் கோட் வாசலுக்கு வந்தான்.

பத்து மணிக்குச் சார்ஜன் வந்தார். பன்னிரண்டாவது தரம்.

யன்னல்களுக்குப் பேப்பர் ஒட்டிய ஒரு அறை. பொலிஸ்காரர் ஒருவரும் உள்ளே நிற்கக் கூடாது என்பதால் சார்ஜன் அவனை வாசலோடு விட்டுவிட்டுப் போனார். விளக்கமறியலில் இருந்த ரஞ்சன் என்பவனை முகத்தைத் துணியால் மூடிக் கொண்டுவந்தார்கள். துணியை எடுத்ததும் யோகலிங்கம் பார்த்தான். தன் உயரம், தன் நிறம், தன் மீசை.

"விரும்பின இடத்தில நில்லும். உடுப்பு மாத்தவேணுமெண்டாலும் மாத்தலாம்" என்றார் நீதவான்.

ரஞ்சன் வரிசையை மேலும் கீழும் பார்த்துவிட்டு யோகலிங்கத்துக்குப் பக்கத்தில் வந்தான். "ஐயா, இவற்ற நீலச் சேட்டைப் போடலாமோ?" என்று கேட்டான். நீதவான் சம்மதித்தார். யோகலிங்கம் தன் சேட்டைக் கழற்றிக் கொடுத்து, மறியல் வாசனை வீசிய ரஞ்சனின் சேட்டைப் போட்டுக்கொண்டான். எட்டுப் பேரில் இவனுக்கு என் சேட்டுத்தானா கிடைத்தது? இது யாரோ சொல்லிக்கொடுத்த வேலை என்று நினைத்தான். ரஞ்சன் நான்காவது ஆள், யோகலிங்கம் ஐந்தாவது.

நீதவான் விபரத்தை வாசித்தார். பங்குனித் திருவிழாவில் கடைசி நாள் பின்னேரம் ஐந்தரை மணி. உவர்மலையில் சொந்தக்காரர் வீட்டிலிருந்து பஸ்ஸுக்கு நடந்து வந்த சிவாஜினி என்ற ஆசிரியையின் தாலிக்கொடியை மோட்டார்சைக்கிளில் வந்த ஒருவன் அறுத்துக்கொண்டு போய்விட்டான். மூக்குக்குக் கீழே துணி கட்டியிருந்தான். அவள் கண்டது கண்களை மட்டும்.

"இந்தச் சாட்சியை உங்களில ஆருக்கும் தெரியுமோ?"

எல்லாரும் தெரியாது என்றார்கள். யோகலிங்கமும் சொன்னான். அந்தத் திருவிழா நாளைக் கேட்டபோது மட்டும் அவனுக்குப் பகீரென்றது. அன்று ஐந்தரைக்குத் தான் எங்கே நின்றான் என்பது அவனுக்கு நன்றாகவே தெரியும். உவர்மலைப் பக்கம் அவன் போகவில்லை, அந்தக் களவுக்கும் அவனுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனால் எங்கே நின்றான் என்பது ஒருவரிடமும் சொல்லக்கூடிய விஷயமாக இருக்கவில்லை. பொறுங்கள், வருகிறேன்.

கதவு திறந்தது. வெள்ளைச் சேலையும் கைப்பையுமாகக் காலையில் ஏறிய அதே அம்மா உள்ளே வந்தாள். கோட்டுக்கு என்று சொல்லப் பயந்துதான் சந்தியில் இறங்கியிருக்கிறாள்.

அப்போதே வாயைத் திறந்திருக்க வேண்டும். "ஐயா, இவவை இண்டைக்கு நான்தான் ஓட்டோவில ஏத்தினனான்" என்று ஒரு வரி சொல்லியிருந்தால் அவனை விலக்கி வேறொருவரை நிறுத்தியிருப்பார்கள். யோகலிங்கமாயிற்றே, யோசித்தான்! இப்போது சொன்னால், இவ்வளவு நேரம் ஏன் சொல்லவில்லை என்பார்கள். சேட்டு மாறியதும் திட்டம் என்பார்கள். கடைசியில் என்னையும் சாட்சியாக்கித் தவணைக்குத் தவணை இழுப்பார்கள். அவன் கணக்குப் போட்டு முடிப்பதற்குள் அவள் நான்காவது ஆளைத் தாண்டிவிட்டாள். யோகலிங்கத்தின் முன்னால் நின்றாள். கண்ணைப் பார்த்தாள். 

கை தோளில் விழுந்தது.

"இவன்தான் ஐயா. இந்தக் கண்தான். சாகும்வரைக்கும் மறக்க ஏலாது."

 யோகலிங்கத்தின் வாயிலிருந்து எல்லாம் ஒன்றாகக் கொட்டியது. "ஐயோ, ஐயா! நான் ஓட்டோக்காரன்! காலமை பஸ் ஸ்டாண்டில இருந்து இவவை ஏத்திக்கொண்டு வந்தது நான்தான்! என்ர கண்ணைக் கண்ணாடியில கண்டிருக்கிறா, அவ்வளவுதான்!"

நீதவான் எழுதுவதை நிறுத்தினார். "சாட்சி உள்ளே வந்தபோது ஏன் சொல்லவில்லை?"

"பயத்தில ஐயா."

"என்ன பயம்?"

 நீதவான் சிவாஜினியின் பக்கம் திரும்பி, இவர் இன்று காலை உங்களை ஏற்றிவந்த ஓட்டோக்காரர் என்று சொல்லுகிறார், அப்படித்தானா என்று பொறுமையாகக் கேட்டார்.

அவள் யோகலிங்கத்தை மறுபடி பார்த்தாள். முகத்தில் இருந்த பயம் இரண்டு மடங்காகியது. "அப்ப காலமையில இருந்தே என்ர பின்னால வந்திருக்கிறான் ஐயா!" என்றாள்.

எல்லாவற்றையும் நீதவான் எழுதிக்கொண்டார். அடையாளம் காட்டியது சந்தேகநபரை அல்ல என்பதால், மத்தியானத்துக்கு முன்னமே ரஞ்சனுக்குப் பிணை கிடைத்தது. பாவம் ரீச்சர், தாலிக்கொடியும் போய் வழக்கும் போய், குடையைக்கூட விரிக்காமல் வெயிலில் நடந்தாள். அவளுக்காகவும் யோகலிங்கத்துக்கு நெஞ்சு பதறத்தான் செய்தது. பக்கத்தில் போய்ச் சொல்ல நினைத்தான். அவன் ஓரடி வைத்ததைக் கண்டு அவள் ஓடத் தொடங்கினாள்.

வாசலில் ரஞ்சன் நீலச் சேட்டைத் திருப்பிக் கொடுத்தான். பத்துப் பேர் கேட்க, "பெரிய உபகாரம் அண்ணை" என்று சொல்லிவிட்டுப் போனான். படுபாவி! அவன் வாய் சும்மா இருந்திருக்கக் கூடாதா?

"ஒண்டுக்கும் யோசிக்க வேணாம் யோகண்ணே" என்று சார்ஜன் தோளில் தட்டினார். நாலு எட்டுப் போய்விட்டுத் திரும்பி வந்தார். குரலைத் தணித்து, "சும்மா கேக்கிறன், உண்மையிலயே அவவ நீங்க காலையில ஏத்தினதா?" என்றார்.

யோகலிங்கம் மதிலோரம் வந்தபோது மற்ற ஓட்டோக்காரர்கள் கதையை நிறுத்தினார்கள். எப்போதும் பகிடி விடும் சிவரூபன் தன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். சிரித்திருந்தாலாவது பரவாயில்லை. ஒருவனும் சிரிக்கவில்லை.

அவன் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பாலையூற்றில் இருக்கும் வீட்டுக்கு வந்தான். புஸ்பராணி சோறும் சூடை மீன் குழம்பும் வைத்தாள். வைத்துவிட்டு வழக்கம்போல் போகாமல் எதிர்க் கதிரையில் இருந்தாள்.

"எல்லாம் கேள்விப்பட்டனான்" என்றாள்.

"கண்ணாடியில கண்டது புஸ்பம். வேற ஒண்டுமில்லை."

"அது சரி. திருவிழா கடைசி நாள் எண்டவை. அண்டைக்கு நான் கோயிலுக்குப் போக ஓட்டோ கேட்டனான். ஹயர் இருக்கெண்டு சொன்னீங்கள். பேந்து நாலு தரம் எடுத்தனான், போன் வேலை செய்யேல்லை. எங்க நிண்டனீங்கள்?"

அவள் குரலை உயர்த்தவில்லை. "ஆரோட இவ்வளவு நேரம் கதை?" என்று அவன் கேட்பானே, அதே சும்மா கேட்கிற குரல்.

"கோட்டடியிலதான் நிண்டனான்."

"சிவரூபனிட்டக் கேட்டனான். மூண்டு மணிக்கே வெளிக்கிட்டிட்டீங்களாம்."

யோகலிங்கம் சோற்றைப் பிசைந்தான். கோட்டில் நீதவான் கேட்டபோது வராத வியர்வை இப்போது வந்தது. பொய் ஒன்றும் கைவசம் இல்லை. அவளுடைய கண்கள் அவன் முகத்தை விட்டு அசையவில்லை. இந்த வீட்டிலும் தோளில் கை விழப்போகிறது என்று அவனுக்கு விளங்கியது. அதைத் தடுக்க அவனிடம் இருந்தது ஒரே ஒரு உண்மை.

"கோயிலடியிலதான் நிண்டனான்" என்றான். "பின்வீதியில, புளியமரத்துக்குக் கீழ. போனை நிப்பாட்டிப்போட்டு ஓட்டோவுக்குள்ள இருந்தனான்."

"என்னத்துக்கு?"

"நீ ஆரைச் சந்திக்கிறாய் எண்டு பாக்க."

 அன்று புஸ்பராணி யாரையும் சந்திக்கவில்லை. தனியே ஒரு தூணோரம் இருந்து கும்பிட்டாள். வெளியே வந்து கச்சான் கடலை வாங்கினாள். அதில் பாதியைப் பேப்பர்ச் சரையாகச் சுற்றி அவனுக்கென்று வீட்டுக்குக் கொண்டுவந்தாள். அவன் இந்தக் கதிரையில் இருந்துதான் அதை உடைத்துத் தின்றான். இரண்டு பேருக்கும் அது ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

"கொடியை அறுத்தது நீங்கள்தான் எண்டு சொல்லியிருந்தால்கூட, ஏதோ கஷ்டத்துக்குச் செய்தீங்கள் எண்டு நினைச்சிருப்பன்" என்றாள் அவள்.

எழுந்தாள். குழம்புச் சட்டியை மூடினாள். மேசையில் கிடந்த தன் போனை எடுத்து, அவன் கைக்கு எட்டும் இடத்தில், சோற்றுக் கோப்பைக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டு உள்ளே போனாள். கையில் பிசைந்த சோறு காய்ந்துபோகும்வரை யோகலிங்கம் அந்தக் கதிரையில் இருந்தான்.