இரண்டு நாட்டு எண்ணெயும் என் தம்பியும்

என் தம்பி பஹ்ரைனில் ஒரு முதலாளியின் போட்டில் மீன் பிடிக்கிறான். அந்தப் போட்டு கடல் எல்லையைத் தாண்டி கத்தார் பக்கம் போய்விட்டது, ஆட்களோடு பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று அதே முதலாளியின் இன்னொரு போட்டில் வேலை செய்கிறவன் வாட்ஸ்அப்பில் தகவல் சொன்னான். அவ்வளவுதான். அதற்கப்புறம் தம்பியின் போன் அடிக்கவே இல்லை. செங்கல்பட்டு ஆபீசில் லீவு சொல்லிவிட்டு, கோவளத்துக்கு அம்மா வீட்டுக்கு ஓடினேன்.

அம்மா அடுப்பே மூட்டவில்லை. அவன் எப்போது பேசினாலும் முதலில் கேட்பது, "இன்னா கொழம்பு?" என்றுதான். இப்போது அவன் சாப்பிட்டானா, உயிரோடு இருக்கிறானா என்றே தெரியாதபோது இவளுக்கு எப்படிச் சோறு இறங்கும்? அன்றைக்குப் பார்த்து ரேஷன் கடையில் பாமாயில் போட்டார்கள். "சொட்டு எண்ணெய் இல்ல, போயி வாங்கினு வா" என்று கார்டை என் கையில் திணித்தாள். போனை இன்னொரு கையில் பிடித்துக்கொண்டு போய் வரிசையில் நின்றேன்.

எனக்கு முன்னால் எதிர்வீட்டு அண்ணன். கத்தாரில் பல வருஷம் லாரி ஓட்டிவிட்டு வந்தவர். கேட்க வேண்டுமா? ஆரம்பித்துவிட்டார்.

"ரெண்டும் தம்மாத்தூண்டு நாடுதான் தங்கச்சி. ஆனா பஹ்ரைன்ல எண்ணெய் கொஞ்சூண்டு. கத்தார்ல எண்ணெய், கேஸு ரெண்டும் கொட்டிக் கெடக்குது. ஊர்க்காரனும் கம்மி. இந்தா, இந்தக் கார்டையே பாரு. கார்டுக்கு ஒரு பாக்கெட்டு. உங்க வூட்ல உங்கம்மா ஒருத்தி, எங்க வூட்ல எட்டுப் பேரு. ஆளுக்கு எவ்ளோ வரும்னு வகுத்துப் பாரு. கத்தார்ல வகுக்கிற ஆளும் கம்மி, பாக்கெட்டும் நூறு!"

"அப்போ வூட்டுக்கு வூடு எண்ணெய்க் கெணறா அண்ணாத்த?" என்று பின்னாலிருந்து ஒருத்தி கேட்க, வரிசையே சிரித்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் கூடப் பிறந்தவன் எங்கே கிடக்கிறானோ, இவர்கள் இங்கே நின்று ஊரான் எண்ணெயைப் பங்கு போடுகிறார்கள்.

"நிறுத்துண்ணே! ஆளுக்கு அவ்ளோ எண்ணெய் வெச்சிருக்கிறவனுக்கு எந்தம்பி புடிச்ச நாலு மீனு எதுக்கு?"

"மீனுக்கு இல்லம்மா. கடல்ல எல்லைக் கோட்டைத் தாண்டினா எந்த நாட்லயும் புடிப்பான்."

"சரி, நீயும் அங்கதானே இருந்தே? இவ்ளோ நேரம் வகுத்தியே, அந்தக் கணக்குல நீ உண்டா?"

அவர் சிரிப்பு நின்றுவிட்டது. கையிலிருந்த காலிப் பையை மடித்தார், மறுபடி பிரித்தார். "அந்தக் கார்டுல நம்ம பேரு ஏது தங்கச்சி" என்றார். சொன்னதும் எனக்கே அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

அப்போதுதான் போன் அடித்தது. தெரியாத நம்பர். சட்டென்று எடுத்தேன்.

"யக்கா, நாந்தான். எங்களை விட்டுட்டாங்க. பஹ்ரைனுக்கு வந்துட்டேன்."

முருகா! அழுகைக்கு முன்னால் கோபம்தான் வந்தது. "ஏண்டா கய்தே, கோடு எங்க கீதுன்னு தெரியாதா உனக்கு?"

"தெரியும்க்கா. ஜிபிஎஸ்ல காட்டும்."

"தெரிஞ்சா போனே?"

"இந்தப் பக்கம் மீனே இல்லக்கா. வெறும் வலையோட வந்தா மொதலாளி வுடுவாரா? அந்தப் பக்கம்தான் மீனு கீது."

பணக்காரன் பக்கம் மீனும் போய்விட்டது போலிருக்கிறது. "போட்டு இன்னா ஆச்சு?" என்றேன்.

"அது அங்கியே நிக்குது. நாளைக்கு வேற போட்ல ஏறச் சொல்லிட்டாரு மொதலாளி."

"எந்தப் பக்கம்டா போவப் போறீங்க?"

"லைன் சரியா கேக்கலக்கா" என்றான்.

"சொல்லுடா, எந்தப் பக்கம்?"

"அம்மா இன்னா கொழம்பு வெச்சிருக்கு?" என்றான்.

"மீன் கொழம்பு" என்றேன்.