தலைவர் அழிக்க மறுத்த காணொளி

பதினாறு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்குச் சமூக ஊடகக் கணக்கு கூடாது என்ற சட்டத்தை ஆதரித்து, ஜாசின் பட்டணத்துக்கு வெளியே இருக்கும் எங்கள் கோயில் மண்டபத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கூட்டம் போட்டார்கள். கோயில் தலைவரின் ஏற்பாடு. தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீட்டில் பிறந்து, இப்போது லோரிகள் வைத்து ஓட்டுபவர். நான் சட்டத்துக்காகப் போகவில்லை. என் மகளின் காணொளியை அழிக்கச் சொல்லி மறுபடியும் கேட்கப் போனேன்.

அவளுக்குப் பதின்மூன்று வயது. ஆடித் திருவிழாவில் உடுக்கை அடித்தபோது அவளுக்கு அருள் வந்தது. பெண்கள் சூழ்ந்து பிடித்துக்கொண்டார்கள், திருநீறு பூசினார்கள், தண்ணீர் கொடுத்தார்கள். அதோடு முடிந்திருக்க வேண்டிய விஷயம். தலைவர் அதைப் போனில் எடுத்துக் கோயிலின் சமூக ஊடகப் பக்கத்தில் போட்டார். அதிலிருந்து அவள் முகத்தை மட்டும் வெட்டி, ஸ்டிக்கராக்கி, கூடப் படிக்கும் பிள்ளைகள் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் சுற்றவிட்டார்கள். அவள் வகுப்புக்குள் நுழைந்தால் உடுக்கைபோல் மேசையைத் தட்டுகிறார்கள். இரண்டு வாரமாக அவள் பள்ளிக்குப் போகவில்லை.

மேடையில் தலைவர் முழங்கினார். "நம்ம பிள்ளைங்கள போன் கெடுத்துருச்சு. கண்டவன் கண்டதப் போடுறான். கவர்மெண்ட் செய்யறது ரொம்பச் சரி லா!"

எழுந்தேன். "அண்ணே, கண்டவன் போடல. நீங்க போட்டீங்க. என் மகளுக்குக் கணக்கே கிடையாது."

"ஏம்மா, அது ஆத்தா எறங்குன காட்சி. அழிச்சா பாவமில்லயா? சிங்கப்பூர்லேர்ந்துகூட பாக்குறாங்க."

"ஆத்தாவப் பாக்கல. எம்பிள்ளையப் பாத்துச் சிரிக்கிறாங்க."

முன்வரிசையில் இருந்த ஓர் அம்மாள் திரும்பினார். "அருள் வந்த பிள்ளைக்கு என்னா வெக்கம்? குடுத்துவச்சவ லா."

"அப்ப உங்க பேத்தி மூஞ்சியப் போடச் சொல்லுங்கக்கா."

பின்னால் யாரோ சிரித்தார்கள். தலைவர் சிரிக்கவில்லை. "சொந்தச் சண்டைய வெளிய வச்சுக்கம்மா. சட்டத்த ஆதரிக்கிறவங்க கையத் தூக்குங்க," என்றார். எல்லாரும் தூக்கினார்கள். அந்தக் கைகளையும் அவர் படமெடுத்தார்.

பிள்ளைகளைக் காப்பாற்றத்தான் சட்டம் என்கிறார்கள். இவரிடம் அது எதையும் கேட்கப்போவதில்லை. இவருக்குப் பதினாறு தாண்டி வெகுகாலம் ஆகிவிட்டது.

வீட்டு வாசலிலேயே மகள் நின்றாள். "அழிச்சிட்டாரா?"

"இல்ல."

"சட்டம் வந்தா போயிருமாம்மா?"

"போகாது. நீ பாக்க முடியாது, அவ்வளவுதான்."

"நான் எதுக்கு அதப் பாக்கணும்?" என்றாள். பிறகு, "நாளைக்கும் போகல," என்றாள்.

அவளுடைய சீருடையைக் காலையிலேயே தேய்த்து மாட்டியிருந்தேன். எடுத்து அலமாரிக்குள் வைத்தேன்.