கண்மாய்க்குக் கிழக்கே ஒரு சுறாமீன்

பிரகதாம்பாளுக்கு ஆங்கிலம் பேச வராது. சித்தன்னவாசலுக்குப் போகிற வழியில் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி காரை நிறுத்தி, ‘ரெஸ்ட் ரூம்’ எங்கே என்று கேட்டபோது, பாவம், வெயிலில் களைத்துப்போய் ஓய்வெடுக்க இடம் கேட்கிறாள் என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டு, மின்விசிறியையும் அவள் பக்கம் திருப்பி வைத்தவர் அவர்.

அவரிடம் போய் ‘மாய்ட்டி’ என்றால் என்ன என்று கேளுங்கள். தட்டச்சு செய்யும் கையை நிறுத்தாமலே “சரிபாதி” என்பார். இங்கிலாந்துக்காரர்களே கைகழுவிவிட்ட சொற்களெல்லாம் புதுக்கோட்டை நீதிமன்றத்துக்கு எதிரே, பத்தடிக்கு எட்டடி டைப்பிங் கடையில் சௌக்கியமாக இருந்தன.

பன்னிரண்டாம் வகுப்பும் டைப்பிங் ஹையரும் முடித்துக் கடைக்கு வந்த புதிதில் ஒரு பழைய பத்திரத்தைப் படியெடுத்தார். ‘மெஸ்ஸுவேஜ்’ என்று ஒரு சொல். எழுத்துப்பிழை என்று நினைத்து ‘மெசேஜ்’ என்று திருத்திவிட்டார். வீடும் மனையும் கொல்லையும் சேர்ந்த சொத்து, ஒரே அடியில் வெறும் சேதியாகிவிட்டது. வக்கீல் போட்ட சத்தத்தில் எதிர்த்த டீக்கடைக்காரர் வெளியே வந்து பார்த்தார். அன்றைக்கு ஒரு நோட்டுப் போட்டார் பிரகதாம்பாள். இடப்பக்கம் புரியாத ஆங்கிலச் சொல், வலப்பக்கம் தமிழில் பொருள். இருபத்தெட்டு வருஷத்தில் ஆறு நோட்டு நிறைந்தது.

போன மாசி மாதம் அன்னவாசல் பக்கத்து விவசாயி வெள்ளைச்சாமி, முகம் செத்துப்போய் வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். அவருடைய புளியந்தோப்பைப் பங்காளிகள் கேட்டு வழக்குப் போட்டிருந்தார்கள். வெள்ளைச்சாமியிடம் இருந்த ஒரே ஆதாரம், அவருடைய பாட்டனார் பெயரில் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எட்டில் ஆங்கிலத்தில் எழுதிய பத்திரம். அதை அவருடைய இளம் வக்கீல் சிவபிரகாஷ் செல்போனில் மொழிபெயர்த்து நீதிமன்றத்தில் கொடுத்துவிட்டார். ‘வீட்டையும், தொட்டிக்குக் கிழக்கே உள்ள சுறாமீனையும்’ பாட்டனார் வாங்கியதாக அதில் இருந்தது.

எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து, அன்னவாசலுக்குக் கடல் எப்போது வந்தது என்று கேட்டாராம். கோர்ட்டே சிரித்ததாம். திங்கட்கிழமைக்குள் ஆதாரத்தோடு சரியான மொழிபெயர்ப்பைக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் பத்திரத்தில் வீடு மட்டும்தான், தோப்பு கிடையாது என்றாகிவிடும்.

பிரகதாம்பாள் பத்திரத்தை விரித்தார். ‘டேங்க்’ என்றால் தொட்டி இல்லை, கண்மாய். அது சுலபம். அடுத்த சொல்தான் மல்லுக்கு நின்றது. ‘டோப்’. நோட்டில் இல்லை. கடையிலிருந்த அகராதியில் இரண்டு பொருள். ஒன்று, மிதமிஞ்சிக் குடிப்பது. இன்னொன்று, அதே சுறாமீன். சிவபிரகாஷ் தம்பியின் போனைக் குற்றம் சொல்ல வழியில்லை. நோட்டை மூடி வைத்தார் பிரகதாம்பாள். இத்தனை வருஷம் சேர்த்த சொற்களில் ஒன்றுகூட இந்த மனுஷனுக்கு உதவாதா?

“டோப்... டோப்...” என்று தனக்குள் சொல்லிப் பார்த்தார்.

டீயை ஆற்றிக்கொண்டிருந்த வெள்ளைச்சாமி நிமிர்ந்தார். “ஆமா தங்கச்சி. அதான்.”

“எதுண்ணே?”

“எங்க தோப்பு. அதத்தான வாசிக்கிறீங்க?”

“இது இங்கிலீஷுண்ணே.”

“இருக்கட்டுமே. நீங்க தோப்புன்னுதான சொன்னீங்க?”

பிரகதாம்பாள் சட்டென்று எழுந்தார். கடையை அப்படியே போட்டுவிட்டு மாவட்ட மைய நூலகத்துக்கு ஓடினார். அங்கே கண்ணாடி அலமாரியில் தலையணை தடிமனுக்குப் பெரிய ஆங்கில அகராதி ஒன்று உண்டு. சுறாமீனுக்கும் குடிக்கும் கீழே, பொடி எழுத்தில் இன்னொரு பொருள் இருந்தது. மரங்கள் நிறைந்த தோப்பு, இந்தியாவில் வழங்குவது, தமிழ்ச் சொல்லிலிருந்து வந்தது. ‘தமிழ்’ என்ற அந்த ஒரு சொல்லையே அவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைக்குத் திரும்பி வந்து நோட்டில் இடப்பக்கம் ‘டோப்’ என்று ஆங்கிலத்தில் எழுதினார். வலப்பக்கம் ‘தோப்பு’ என்று எழுதினார். இரண்டு பக்கமும் ஒரே சொல். சந்தேகம் வந்து பழைய நோட்டுகளைப் புரட்டினார். மூன்றாவது நோட்டில் அவர் கையெழுத்திலேயே இருந்தது: ‘செரூட்’, எதிரே ‘சுருட்டு’. இன்னொரு பக்கத்தில் ‘கான்ஜி’, எதிரே ‘கஞ்சி’. எழுதியவர் அவர்தான், ஒருநாளும் கவனிக்கவில்லை. அம்மாடி, நம் வீட்டுச் சொற்களையா இத்தனை காலம் யார் எவரென்று விசாரித்துக்கொண்டிருந்தோம் என்று வாய்விட்டே சொல்லிவிட்டார்.

திங்கட்கிழமை, அகராதிப் பக்கத்தின் நகலோடு புதிய மொழிபெயர்ப்பு போயிற்று. நீதிபதி இரண்டு தடவை படித்துவிட்டு, பத்திரத்தில் தோப்பும் சேர்த்தி என்று எழுதிக்கொண்டார். இந்த முறை கோர்ட்டில் யாரும் சிரிக்கவில்லை.

வெளியே வந்த வெள்ளைச்சாமி ஊருக்கு பஸ் ஏறவில்லை. “அந்தப் பொஸ்தகத்த நான் ஒருக்கா பாக்கணும் தங்கச்சி” என்றார்.

நூலக வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். பிரகதாம்பாள் காட்டிய இடத்தில், புளிக்கறை ஏறிய விரலை மெதுவாக வைத்தார். படிக்கத் தெரியாத அந்த எழுத்தின் மேல் விரல் வெகுநேரம் இருந்தது.

“சீமைக்குப் போயும் பேர மாத்திக்கிறலையே தங்கச்சி” என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.