வெயில் சுட்ட மரம்

ஜூலை வெயிலிலும் அதன் வழுவழுப்பான சாம்பல்நிறப் பட்டையில் கன்னத்தை வைத்தால் சில்லென்றிருக்கும். சுவிஸில், திரிம்பாக்கில் நாங்கள் குடியிருந்த மாடிக்கட்டடத்தின் பின்னால் நின்ற பெரிய பீச் (beech) மரம் அது. இலைகள் கத்தரிக்காய் ஊதா. கிளைகள் புல்தரை வரை தொங்கியதால், பத்து வயதான நான் தவழ்ந்துதான் உள்ளே போவேன்.

அப்பா அந்தக் கட்டடத்தின் "அப்வார்ட்"; படி கழுவுவதும் புல் வெட்டுவதும் அவர் பொறுப்பு, எங்கள் வீடும் அந்த வேலையோடு கிடைத்ததுதான். தங்கையின் பிறந்தநாளுக்கு மரத்தடியில் மேசை போட விரும்பிய அவர், ஊரில் முற்றத்து வேம்புக்குச் செய்வதைப் போலவே, தெற்குப் பக்கத்துக் கீழ்க்கிளைகளை ஆளுயரத்துக்கு அறுக்கத் தொடங்கினார். கட்டடத்தின் சொந்தக்காரியான முதியவர், இடுப்பு அறுவைச் சிகிச்சைக்குப் பின் மகள் வீட்டில் தங்கியிருந்தார்.

"அண்ணை, வீட்டுக்கார மனிசியிட்டை ஒருக்காக் கேட்டிட்டு வெட்டுவமே?" என்றார் ஏணியைப் பிடித்திருந்த பக்கத்து வீட்டுச் சிவம் மாமா.

"தாடி வழிக்கிறதுக்கும் பெர்மிஷனோ? நீ ஏணியைப் பிடியடாப்பா."

விருந்தினர் எல்லோரும் நிழலைப் புகழ்ந்தார்கள்.

அடுத்த கோடையில் தெற்குப் பட்டை சிவந்து, வெடித்து, காயத்தின் பொருக்குப்போல உரிந்தது. திரும்பி வந்த முதியவர் தோட்டக்காரரை அழைத்தார். வந்தவர் பட்டையைத் தடவிப் பார்த்து, வெயில் சுட்டுவிட்டது என்றார். அப்பா பகிடி என்று நினைத்துச் சிரித்தார், என் பக்கம் திரும்பி, "நிழல் தாற மரத்துக்கு வெயில் சுடுமோ?" என்றார். தோட்டக்காரர் சிரிக்கவில்லை. இதன் தோல் மெல்லியது, தொங்கிய கிளைகள்தான் அதற்குச் சட்டை, இனி உள்ளே உளுத்துப்போகும் என்றார்.

"யார் வெட்டியது?" என்று முதியவர் கேட்டார். தன் தகப்பன் நட்ட மரம் என்றார். வீடு போய்விடும் என்று நான் அப்பாவின் கையை இறுக்கினேன்.

"நான்" என்றார் அப்பா, ஜெர்மன் மொழியில்.

முதியவர் உரிந்த பட்டையில் கைவைத்தார். பிறகு, "அப்படியானால் அடுத்ததை நீங்கள்தான் நட வேண்டும்" என்றார்.

வீடு போகவில்லை. மரம் இரண்டு ஆண்டில் போயிற்று. முதியவரும் இப்போது இல்லை. அப்பா நட்ட ஊதாக் கன்றுக்கு இருபது வயதாகியும் அது இரண்டாம் மாடியைக்கூட எட்டவில்லை. ஓய்வுபெற்ற பிறகும் அதைச் சுற்றிப் புல் வெட்ட அவர் வேறொருவரையும் விடுவதில்லை. போன கோடையில், பட்டையில் கன்னம் வைக்கலாமென்று குனிந்து ஒரு கிளையை விலக்கினேன்.

"தூக்காதை பிள்ளை," என்றார் பின்னாலிருந்து. "வெயில் பட்டிடும்."