பேரிக்காய் வைன்

பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்தெடுப்பவள் வீரம்மா. வைன் போடும் வித்தையை அவள் தோட்டத்துரையின் பங்களா அடுப்படியில்தான் கற்றாள். கொஞ்ச காலம் அங்கே சமையலுக்கு ஒத்தாசையாக இருந்தபோது, போத்தலில் ஒரு வருடம் படுத்திருந்தால்தான் வைன் வாயில் வைக்க விளங்கும் என்று அங்கே சமைத்த கோக்கி சொன்னார். அதை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டாள். ஒன்றைப் பிடித்தால் விடமாட்டாள். அவளுடைய பலமும் அதுதான், கேடும் அதுதான்.

புருஷன் சோலைமலை தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவர். நல்ல மனுஷன், ஆனால் பொழுது சாய்ந்தால் ஆற்றோரம் களவாகக் காய்ச்சும் கசிப்பு வேண்டும். அவருடைய அண்ணன் அந்தச் சனியனைக் குடித்தே ரத்தம் கக்கிச் செத்தவர். அதனால் போன வருடம் அவர்கள் குடியிருந்த லயத்து வரிசைக்குப் பின்னால் பேரிக்காய் காய்த்துக் கொட்டியபோது வீரம்மா ஒரு யோசனை சொன்னாள்.

“ஏங்க, நா வைன் போட்டுத் தாரேன். நல்ல பொருளா குடிங்க. ஆனா இன்னையிலருந்து அந்தக் கருமத்தத் தொடக்கூடாது.”

சோலைமலை மாரியம்மன் கோயிலில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தார். குடிகாரன் பேச்சு விடிஞ்சா போச்சு என்று லயமே சிரித்தது. அவர் தொடவில்லை. சிரித்தவர்கள்தான் வாயை மூடிக்கொள்ள வேண்டியிருந்தது.

பழத்தை நறுக்கி, சீனியும் ஈஸ்ட்டும் கராம்பும் போட்டுச் சாடியில் ஊற வைத்தாள். நுரை அடங்கியதும் துணியில் வடித்து, சுடுநீரில் கழுவிய போத்தல்களில் ஊற்றி, தக்கை அடித்து, மெழுகு உருக்கி மூடி, கட்டிலுக்கடியில் படுக்க வைத்தாள். வேலை விட்டு வந்ததும் சோலைமலை ஒரு போத்தலை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார், சின்னப்பிள்ளை மாதிரி.

தீபாவளிக்குக் கேட்டார். “இன்னும் கலங்கலா இருக்குங்க.” தைப்பொங்கலுக்குக் கேட்டார். அப்போது வைன் தெளிந்திருந்தது. அவளுக்கும் அது தெரியும். ஆனாலும் தன்னுடையது பங்களா வைனுக்கு ஒரு படி குறைந்துவிடக் கூடாதே என்று வீம்பு. “ஆக்கப் பொறுத்தவருக்கு ஆறப் பொறுக்காதா?” என்றாள்.

சித்திரை வருடப் பிறப்பன்று அவர் கெஞ்சினார். “ஒரு வாய் தா புள்ள. நாளும் கெழமையுமா கூட்டாளிங்க கூப்புடுறானுங்க. மனசு தவிக்குது.”

“ஒரு வருசம்னா ஒரு வருசந்தான்.”

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஆற்றோரம் போனார். அன்று அங்கே காய்ச்சிய கசிப்பு விஷமாகியிருந்தது. மறுநாள் காலையில் கண் தெரியவில்லை என்றார். கூடக் குடித்தவர்கள் பிழைத்துக்கொண்டார்கள். அவர் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே, ஆட்டோவில், அவள் மடியில் போய்ச் சேர்ந்தார். வீரம்மாவுக்கு யார் மீதும் கோபம் வரவில்லை, தன் மீதுதான் வந்தது. அது இன்னும் ஆறவில்லை.

கருமாதிக்குப் படையல் போட்டார்கள். செத்தவருக்குப் பிடித்ததை வைக்க வேண்டுமென்று அவர் தம்பி கணேசமூர்த்தி சாராயப் போத்தலோடு வந்தான். அதைத் தள்ளி வைத்துவிட்டு, வீரம்மா ஒரு வைன் போத்தலின் மெழுகை உடைத்தாள். படத்துக்கு முன்னால் ஒரு கிளாஸ் நிறைய ஊற்றினாள். மிச்சத்தை வந்தவர்கள் பகிர்ந்துகொண்டார்கள்.

கணேசமூர்த்தி சப்புக் கொட்டினான். “என்னா ருசி! இதுல என்னா போட்டீங்க அண்ணி?”

“ஒண்ணும் போடல தம்பி. ஒங்கண்ணன் கேக்கக் கேக்கக் குடுக்காம வச்சிருந்தேன்.”