ஆறு லெவா இருபது காசு

வெலிச்காவின் தையல் மெஷினுக்கு இடப்பக்கம் என்னுடையது. பதினோரு வருஷம் அப்படியே உட்கார்ந்திருந்தோம். அதனால் அவள் வீட்டில் எவ்வளவு பணம் மிச்சம் இருக்கிறது என்பது அவள் புருஷனுக்குத் தெரிவதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிடும். காலையில் வந்ததும் கோட்டைக் கழற்றி மாட்டுவாள். துணியில் கோடு போடும் சாக்பீஸை எடுத்து, முந்தின நாள் தொகையை விரலால் அழித்துவிட்டு, மெஷினின் பச்சை இரும்பு மேல் அன்றைய தொகையை எழுதுவாள். முப்பத்தொரு லெவா நாற்பது. இருபத்தேழு. இருபத்து நாலு எண்பது. எங்களுக்கு இருபதாம் தேதி சம்பளம். அதுவரை அந்த எண் இறங்கிக்கொண்டே வரும், ஆனால் ஒரு மாதமும் பூஜ்யத்தைத் தொட்டதில்லை.

முதலில் சிரித்தோம். பிறகு ஒவ்வொருத்தியும் தன் வீட்டுக் கணக்கை அவளிடம் கொண்டுவர ஆரம்பித்தாள்.

"வெலிச்கா, பதினெட்டு லெவா இருக்கு. நாலு பேரு. தாங்குமா?"

"கறி வாங்காம இருந்தா வியாழன் வரைக்கும். உன் புருஷன் சிகரெட்டை விட்டான்னா வெள்ளி."

அவ்வளவுதான். ஐயோ பாவம் என்று சொல்ல மாட்டாள், புத்தியும் சொல்ல மாட்டாள். அவள் வியாழன் என்றால் வியாழன்தான். வியாழக்கிழமை ராத்திரி அந்த வீட்டில் கடைசி ரொட்டித் துண்டு தீரும்.

அந்த வருஷம் நவம்பர் சம்பளம் வரவில்லை. டிசம்பரோடு சேர்த்துத் தருவதாக மேனேஜர் மானோல் சொன்னான். ஊர்க்காரன்தான், என்னைவிட மூன்று வருஷம் பெரியவன், அண்ணே என்றுதான் கூப்பிடுவோம். முதலாளி யார் என்று எங்களில் ஒருத்திக்கும் சரியாகத் தெரியாது. தலைநகரில் இருக்கிறார் என்பார்கள், வெளிநாட்டில் என்பார்கள்.

வெலிச்காவின் புருஷன் ஸ்பாஸ் கல்குவாரியில் இருபது வருஷம் தூசியை விழுங்கியவன். நெஞ்சு பாதி கல்லாகிவிட்டது என்று டாக்டர் சொன்னார். மருந்தைவிட முக்கியம் அறை குளிரக் கூடாது என்றும் சொன்னார். விறகை நாங்கள் கோடையிலேயே வாங்கி அடுக்கிவிடுவோம். அந்தக் கோடையில் வெலிச்காவால் பாதிதான் வாங்க முடிந்தது. மிச்சத்துக்கு இருபத்தொன்றாம் தேதி ஒரு வண்டி லோடு கொண்டுவரச் சொல்லியிருந்தாள். முந்நூறு லெவா, ரொக்கம். விறகுக்காரன் கடன் என்ற வார்த்தையைக் கேட்டாலே வண்டியைத் திருப்பிவிடுவான்.

டிசம்பர் பிறந்ததிலிருந்து மெஷின் மேல் இரண்டு எண்கள் இருந்தன. மேலே லெவா. கீழே விறகு எத்தனை நாளைக்கு என்று. இரண்டும் போட்டி போட்டுக்கொண்டு இறங்கின. எனக்கு அந்தப் பக்கம் பார்க்கவே பயமாக இருந்தது, பார்க்காமலும் இருக்க முடியவில்லை.

பதினாறாம் தேதி மத்தியானம் அவள் நூல் அலமாரியைத் திறந்து பார்த்துவிட்டு வந்து என் பக்கம் குனிந்தாள்.

"ருஸ்கா, கறுப்பு நூல் ஆறு கண்டு இருக்கு. வெள்ளை நாலு. திங்கக்கிழமையோட தீந்துடும்."

"அதுக்கென்ன, வாங்குவாங்க."

"வாங்குறவன் இந்நேரம் வாங்கியிருப்பான்டி. ஜனவரியில தைக்கணும்னு நெனைக்கிறவன் இப்ப நூல் வாங்காம இருப்பானா? ஊசிப் பெட்டியும் காலி. காப்பி மெஷினை ரிப்பேருக்குன்னு தூக்கிட்டுப் போனாங்களே, திரும்பி வந்துச்சா?"

பக்கத்து ஊர் கம்பெனி ஒன்றில் இப்படித்தான் ஒரு காலையில் போனவர்கள் பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்கள். அந்தக் கதை எல்லோருக்கும் தெரியும். நமக்கு நடக்காது என்றும் எல்லோரும் சொல்லிக்கொள்வோம்.

சாயங்காலம் கோட்டு மாட்டும் இடத்தில் முப்பத்திரண்டு பேரையும் நிறுத்தி வெலிச்கா சொன்னாள். "திங்கக்கிழமை மணி அடிச்சதும் ஒருத்தியும் எந்திரிக்கக் கூடாது. ரெண்டு மாசச் சம்பளமும் கைக்கு வர்ற வரைக்கும் அவங்கவங்க மெஷின்ல உக்காந்திருப்போம். நம்மளைத் தூக்காம மெஷினைத் தூக்க முடியாது."

எல்லோரும் சரி என்றார்கள். மானோலைக் கண்டால் பேச்சு வராதவர்கள்கூடச் சரி என்றார்கள். யாரோ அவன் காதில் போட்டிருக்க வேண்டும். யார் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு, அதை இங்கே எழுத மாட்டேன்.

அந்தத் திங்கட்கிழமை இருபதாம் தேதி, இக்நாத் புனிதரின் நாள். எங்களுக்குப் புது வருஷம் அன்றைக்குத்தான் உண்மையில் பிறக்கிறது. காலையில் யார் கால் முதலில் வாசலைத் தாண்டி உள்ளே வருகிறதோ, அந்த ஆளின் அதிர்ஷ்டம்தான் வருஷம் முழுக்க அந்த வீட்டுக்கு. இன்னொன்று, அன்றைக்கு வீட்டை விட்டு எதுவும் வெளியே போகக் கூடாது. உப்பு, நெருப்பு, காசு எதுவும். கூடப் பிறந்தவளே வந்து ஒரு கரண்டி உப்புக் கேட்டாலும் நாளைக்கு வா என்பார்கள்.

போன வருஷம் வெலிச்காவின் வீட்டுக்குள் முதலில் போன கால் என்னுடையது. அந்த வருஷம்தான் ஸ்பாஸ் படுத்தான். வெலிச்கா ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஸ்பாஸ்தான், "ருஸ்கா, உன் கால் ராசி நேரா என் நெஞ்சுக்கு வந்துடுச்சு போ" என்று சிரிப்பான். சிரித்துக்கொண்டே சொன்னாலும் எனக்கு அது தைத்தது. அதனால் அன்று காலை ஆறரை மணிக்கு அவளை வேலைக்குக் கூப்பிடப் போனவள், உள்ளே போகாமல் கேட்டுக்கு வெளியே பனியில் நின்றுகொண்டிருந்தேன். அப்போதுதான் மானோலின் கார் வந்து நின்றது.

கையில் ஒரு பை. அதில் வாதுமையும் ஆரஞ்சும். வேலியோரப் பேரி மரத்தில் ஒரு குச்சியை ஒடித்தான்.

"என்ன ருஸ்கா, உள்ள போகலையா?"

"நீங்க முதல்ல போங்கண்ணே. உங்க கால் நல்ல கால்."

என் வாயாலேயே சொன்னேன். அந்த வாயை இன்றைக்கும் சபிக்கிறேன்.

அவன் வலது காலை எடுத்து வைத்து உள்ளே போனான். நான் பின்னால் போனேன். வெலிச்காவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. மேனேஜரே முதல் ஆளாக வந்திருக்கிறான்! ஓடிப்போய் அடுப்பில் மூன்று கட்டைகளை ஒன்றாகப் போட்டாள். அவள் ஒன்றுக்கு மேல் போட்டு நான் அந்த மாதம் பார்த்ததில்லை. மானோல் பேரிக் குச்சியால் நெருப்பைக் கிளறினான். பொறி பறந்தது.

"எத்தனை பொறியோ இந்த வீட்டுக்கு அத்தனை லெவா! அத்தனை குட்டி, அத்தனை குஞ்சு, அத்தனை ஆரோக்கியம்!"

பிறகு உட்கார்ந்தான். முதல் விருந்தாளி சற்று நேரம் உட்கார்ந்தால்தான் கோழி அடை காக்கும் என்பார்கள். வெலிச்காவிடம் கோழி கிடையாது, எங்கள் தெருவிலேயே கிடையாது. இருந்தாலும் உட்காரத்தான் வேண்டும். அவள் பூசணி வைத்த சுருள் ரொட்டியும் வீட்டில் காய்ச்சிய ரக்கியாச் சாராயமும் வைத்தாள். ஸ்பாஸ் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து அவனுக்குக் கை கொடுத்தான்.

"வெலிச்கா, பணம் வந்தாச்சும்மா," என்றான் மானோல். "ரெண்டு மாசத்துக்கும் சேத்து, பெட்டியில இருக்கு. ஆனா இன்னைக்கு எப்படித் திறக்கிறது சொல்லு? இக்நாத் நாள்ல காசு வெளிய போனா வருஷம் பூரா போய்க்கிட்டே இருக்கும்னு எங்கம்மா சொல்லும். கம்பெனியும் ஒரு வீடுதானே? அது நல்லா இருந்தாத்தானே நாம நல்லா இருப்போம்? நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு ஒவ்வொருத்தி கையிலயும் நானே தர்றேன். நீ சொன்னா கேப்பாளுங்க."

வெலிச்கா அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"நூல் ஏன் வாங்கலைண்ணே?"

அவன் கண் கூட இமைக்கவில்லை. "புது ஆர்டர் முழுக்க நீலம்மா. கறுப்பு நூலை வாங்கி என்ன பண்ண? நீல நூலும் துணியும் இன்னைக்கு ராத்திரி லாரியில வருது. சத்தம் கேட்டா பயந்துடாதீங்க."

அவன் போன பிறகு ஸ்பாஸுக்கு ஒரே சந்தோஷம். "பாத்தியா? மேனேஜரே வந்து நெருப்புக் கிளறிட்டுப் போறாரு. இந்த வருஷம் நம்ம பக்கம்."

"யோவ், போர்வையை இழுத்துப் போத்திக்க," என்றாள் அவள். ஆனால் அவளும் சிரித்தாள்.

அன்று மெஷின் மேல் எழுதினாள்: 6.20. கீழே, விறகு 1. இரண்டாக இருந்திருக்க வேண்டியது. விருந்தாளிக்குப் போட்ட கட்டைகள் ஒரு நாளைத் தின்றுவிட்டன.

மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் அவள் விஷயத்தைச் சொன்னதும் பெண்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். ஆமாம், இன்றைக்குப் போய்ப் பணமா? நானும்தான் ஆட்டினேன். ஃபாத்மே ஒருத்திதான் எழுந்து நின்றாள். காஜா தைக்கிறவள், மலைக் கிராமத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவள், அவர்கள் தொழுகைக்காரர்கள்.

"எனக்கு இக்நாத்தும் கிடையாது, கிக்நாத்தும் கிடையாது. வெலிச்கா அக்கா, சம்பளம் என்ன உப்பா, நெருப்பா? அது கம்பெனிக் காசு இல்ல, நம்ம காசு. அவங்க பெட்டியில இருந்தா அது யார் அதிர்ஷ்டம்?"

"ஒரு நாள்தானேடி," என்றாள் வெலிச்கா. "இன்னைக்கு வாங்கினா அது தங்காது. நான் சொல்றேன், நாளைக்கு எட்டு மணி."

"நூலை எண்ணிப் பாத்தது நீதானே அக்கா?"

வெலிச்கா தன் சாப்பாட்டு டப்பாவை மூடினாள். மற்றவர்கள்தான் ஃபாத்மேயை அடக்கினார்கள். அவளவள் சாமி அவளவளுக்கு, எங்கள் நாளைக் கெடுக்காதே என்றார்கள். நாலு மணிக்கு மணி அடித்தது. எல்லோரும் எழுந்தோம். மானோல் கேட்டில் நின்று ஒவ்வொருத்திக்கும் கை கொடுத்து வாழ்த்தினான். அந்தக் குளிரில் அவன் உள்ளங்கை வேர்த்திருந்தது. எனக்கு அது விசித்திரமாகப் பட்டது, ஆனாலும் வீட்டுக்குத்தான் போனேன்.

ராத்திரி லாரிச் சத்தம் கேட்டது. ஒன்று இல்லை, மூன்றோ நாலோ. நீல நூல் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு திரும்பிப் படுத்தேன்.

காலையில் கேட்டில் புதுப் பூட்டு. ஜன்னல் கண்ணாடியில் கையை வைத்து மறைத்துப் பார்த்தோம். தரையில் எண்ணெய்க் கறை, போல்ட் பிடுங்கிய ஓட்டைகள், நூல் பிசிறு. முப்பத்திரண்டு மெஷினும் இல்லை. வெலிச்காவின் மெஷின் அந்த 6.20-ஐச் சுமந்துகொண்டு எந்த நாட்டுக்குப் போனதோ. மானோலின் வீட்டில் ஜன்னல் பலகைகள் சாத்தியிருந்தன. போலீஸ்காரர் ஒருவர் வந்து எழுதிக்கொண்டு போனார். பெண்கள் அழுதார்கள், சிலர் கத்தினார்கள், ஒருத்தி வெலிச்காவின் முகத்துக்கு நேராகக் கையை நீட்டி, "நீதானேடி எந்திரிக்கச் சொன்னே!" என்றாள். ஃபாத்மே பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வெலிச்கா அழவில்லை. திரும்பி வரும் வழியில் ஒரே ஒரு தடவை வாயைத் திறந்தாள்.

"நான் எண்ணினேன் ருஸ்கா. சரியாத்தான் எண்ணினேன்."

மத்தியானம் விறகு வண்டி வந்தது. எஞ்சினை அணைக்காமல் விறகுக்காரன் ஹாரன் அடித்தான். அவள் கேட்டு வரை போய் ஏதோ சொன்னாள். அவன் தோளைக் குலுக்கினான். முழு லோடும் எங்கள் கண் முன்னால் அடுத்த தெருவுக்குத் திரும்பியது. ஸ்பாஸ் ஜன்னல் வழியாக எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான்.

சாயங்காலம் நான் வெலிச்காவின் வீட்டில் இருந்தபோது கதவு தட்டப்பட்டது. ஃபாத்மே. பஸ்ஸில் கொண்டுவந்த ஒரு சாக்குப் பை. அவள் வீட்டுக்கும் சம்பளம் வரவில்லைதான். பையை அடுப்போரம் கவிழ்த்தாள். பீச் மரக் கட்டைகள், நன்றாகக் காய்ந்தவை. "கடைசி பஸ் போயிடும் அக்கா," என்று சொல்லிவிட்டு உட்காராமல் போய்விட்டாள்.

வெலிச்கா ஒரு கட்டையைக் கையில் எடுத்தாள். போடவா வேண்டாமா என்று நின்றாள். ஸ்பாஸ் வெகுநேரம் இருமி ஓய்ந்தான். பிறகு பதினோரு வருஷமாக நாங்கள் அவளைக் கேட்ட கேள்வியை அவனும் கேட்டான்.

"எத்தனை நாளைக்கு வரும்?"

"மார்ச் வரைக்கும் வரும்," என்றாள் வெலிச்கா. கட்டையை அடுப்பில் போட்டாள்.

"உன் கணக்குத்தான் தப்பாதே," என்று சொல்லிவிட்டு ஸ்பாஸ் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

நான் அடுப்போரம் நின்றிருந்தேன். கீழே பத்துக் கட்டைகள் இருந்தன. அவனும் எண்ணியிருந்தான்.